ராஜப்பா கடலில் குளிக்கவில்லை

பெயர் துளசிராமன். தகப்பனார் பெயர் காலஞ்சென்ற சம்பங்கி. வயது நாற்பத்தெட்டு. கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ரப்பர் பூட்ஸ், ஹோஸ் பைப், கயிறு, இரும்புச் சாமான் வியாபாரம். கடையின் மாடியிலேயே குடியிருப்பு. சத்தியப் பிரமாணத்தின் பேரில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சொல்லுவது. காகிதங்கள் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டியிருப்பதால் கோர்ட் குமாஸ்தா கன்னடத்தில் எழுதாமல் நான் சொன்ன தமிழிலேயே எழுதிக்கொண்டார்.

1975-ஆம் வருஷம் மார்ச் மாதம், செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இருக்கும் ரத்னாகரா பீச் ஓட்டலில் என்னோடு தங்கியிருந்த ராஜப்பா, கடலில் குளிக்கும்போது மூழ்கிச் சாகவில்லை. முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போனவன், மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலே வந்ததால் மார்பு உள்ளே கிழிந்து, படகில் என் கண் முன்னால் செத்தான். குளிக்கும்போது மூழ்கினான் என்று அங்கே எழுதிய பிரேத விசாரணைக் காகிதத்தில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் காகிதம் பொய். செத்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை என்று குமாஸ்தா சொன்னார். நாற்பது வருஷப் பழக்கத்தில் எனக்கு வாய் அப்படி வரவில்லை, அதனால் ‘அவன்’ என்றே எழுதச் சொன்னேன்.

ராஜப்பாவும் நானும் ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள். அவன் மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் கீழே இறங்கினான். நான் இறங்கவில்லை, ஷிப்ட் விடும் நேரத்தில் ஷாஃப்ட் வாசலில் வேர்க்கடலை விற்றேன். அதன் பிறகு பழைய பூட்ஸ் வாங்கி ஒட்டுப்போட்டு விற்றேன், அதன் பிறகு புது பூட்ஸ், அதன் பிறகு கடை. என் கடை பூட்ஸை ராஜப்பா காலில் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் நடந்தால், அந்த ஷிப்ட் முழுவதும் என் கடைக்குத்தான் வரும். ஆகவே அவன் எனக்குச் சிநேகிதன் மட்டும் அல்ல, விளம்பரமும் அவன்தான். இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். “அப்ப போர்டுல என் மூஞ்சியப் போடுடா சேட்டு” என்று சிரிப்பான்.

பூட்ஸ் அனுப்பும் பம்பாய் கம்பெனிக்காரர்கள், நிறைய விற்ற டீலர்களுக்குப் பரிசாக மூன்று நாள் கடற்கரை ஓட்டலில் தங்க ஏற்பாடு செய்தார்கள். இரண்டு பேருக்கு இடம். சாப்பாடு, அறை, கடலுக்கடியில் இறங்கிப் பார்ப்பது எல்லாம் அவர்கள் செலவு. என் மனைவி சௌந்தரம், “மெத்தையில படுத்துக்கினு மீன் வாசனை புடிக்கிறதுக்கு நான் வரலைங்க, நீங்க போயிட்டு வாங்க” என்றாள். இலவசமாக வந்த இடத்தைக் காலியாக விடுவது என் பழக்கம் இல்லை. அதனால் ராஜப்பாவைக் கூப்பிட்டேன்.

“இன்னாடா சேட்டு, வூட்டுக்காரி வரலன்னா என்ன இட்டுனு போறியா? பூ வெச்சிக்கினு வரணுமா?” என்றான். பின்பு லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். பங்காருப்பேட்டையில் ரயில் ஏறி மெட்ராஸ் போய், அங்கிருந்து ஓட்டல் காரில் போய்ச் சேர்ந்தோம்.

ஓட்டல் எப்படி இருந்தது என்று கோர்ட்டார் கேட்டதால் சொல்லுகிறேன். அறையில் குளிர்காற்று வந்தது. தரையில் விரித்திருந்த கம்பளத்தில் செருப்போடு நடக்கலாம் என்றார்கள், ராஜப்பா நடக்கவில்லை. வெள்ளைத் துண்டுகளை அவனே துவைத்து ஜன்னலில் காயப்போட்டான். வேலையாள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டு, வேறு காய்ந்த துண்டுகளைக் கொடுத்தான். “இவன் எதுக்குடா என் துண்ட திருடினு போறான்?” என்று ராஜப்பா கேட்டான். குளிர்காற்று வரும் ஓட்டைக்கு முன்னால் நெடுநேரம் நின்று, “கீழ லெவல்ல இந்தக் காத்து வர்ற பைப்புகிட்ட உக்காரத்தான்டா எங்களுக்குள்ள சண்டையே” என்றான். அங்கே வந்திருந்த மற்ற டீலர்கள் பம்பாய்க்காரர்களும் பரோடாக்காரர்களும். அவர்கள் சீட்டு ஆடினார்கள். நாங்கள் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து தின்றோம். அவன் அவ்வளவு தின்று நான் பார்த்ததில்லை.

கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போகும் ஆள் பெயர் கொர்னேலியஸ். கடற்படையில் முக்குளிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பேசும்போதுதான் அவர் நம் தங்கவயலில் பிறந்தவர், அவர் அப்பா இங்கே ஃபோர்மேன் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் ராஜப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டார். மற்ற விருந்தாளிகளை ஓட்டல் டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. “நம்ம ஊர் ஆளுங்கள இவர் இன்னாத்த பாக்கப் போறாரு” என்று கொர்னேலியஸ் சொல்லிவிட்டார். ஆனால் படகில் ஏறுவதற்கு முன்னால், ஊர்க்காரன் ஊர்க்காரனைக் கேட்கிறபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தூசு கீதா?”

வெளியூர்க்காரர்களுக்காக விளக்குகிறேன். பாறைத் தூள் வருஷக்கணக்கில் மார்பில் இறங்கி நுரையீரல் கல்லாகிப்போவதை எங்கள் ஊரில் தூசு என்போம். ராஜப்பாவுக்குத் தூசு இருந்தது. எக்ஸ்ரே எடுத்துச் சான்று வாங்கினால் நஷ்டஈடு உண்டு, ஆனால் உடனே கீழ் வேலையிலிருந்து எடுத்து மேலே குறைந்த கூலி வேலையில் போட்டுவிடுவார்கள். அதனால் அவன் படம் எடுக்கும் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தான். ஏப்ரலில் போகலாம் என்று இருந்தான். ஷிப்ட் முடிந்ததும் என் கடைப் பின்கட்டுக்கு வந்து, கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து, இருமி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஆகவே அவனுக்குத் தூசு இருப்பது எனக்குத் தெரியும். கொர்னேலியஸ் கேட்டபோது ராஜப்பா என்னைப் பார்த்தான். “இல்ல சார், ஆள் இரும்பு” என்று நான்தான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கோர்ட்டார் கேட்டார். கடைக்கு வந்து ஆசைப்பட்டுச் சரக்கைக் கையில் எடுத்தவனிடம், அதைக் கீழே வை என்று நான் என் ஜன்மத்தில் சொன்னதில்லை. அதுதான் காரணம், வேறு இல்லை.

கொர்னேலியஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். வாயில் ரப்பரைக் கடித்துக்கொள்வது, இடுப்பில் ஈயப் பட்டை கட்டுவது, காது வலித்தால் மூக்கைப் பிடித்து ஊதுவது. கடைசியாக, “உயிரே போனாலும் மூச்ச அடக்காதீங்க. மேல வரும்போது விட்டுனே வாங்க. மறந்தா மார் வெடிச்சிடும்” என்றார். இதை இரண்டு முறை சொன்னார். அவர் சொல்லவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

ராஜப்பா எவ்வளவு ஆழம் என்று கேட்டான். நாற்பது அடி என்றார்.

“நாப்பது அடியா? எட்டாயிரம் அடியில உக்காந்து ஊசிப்போன இட்லி தின்னவன் சார் நானு. நாப்பது அடிக்கு எங்க ஊர்ல கேஜே நிக்காது.”

கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு. கொர்னேலியஸும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் நாள் மூன்று பேரும் இறங்கினோம். எனக்குக் காது குத்தியதால் கொஞ்ச ஆழத்திலேயே திரும்பிப் படகில் ஏறிக்கொண்டேன். அவர்கள் வெகுநேரம் கழித்து வந்தார்கள். ராஜப்பா படகில் ஏறி ரப்பரைத் துப்பிவிட்டு முதலில் சொன்னது மீனைப் பற்றி இல்லை.

“துளசி, இருமல் வரலடா.”

நான் கொர்னேலியஸுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று அவன் காலை மிதித்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “டப்பாக் காத்து சில்லுனு கீது. கழுவி வெச்ச காத்துடா. இது ஒன்னு கீழ எனக்குக் குடுத்திருந்தா நான் இன்னும் முப்பது வருசம் வேலை செய்வேன்” என்றான். அன்று சாயங்காலம் வரை அவன் இருமவில்லை. எனக்கும் அவன் குணமாகிவிட்டதுபோலவே இருந்தது. மறுநாளும் போக வேண்டும் என்று அவன்தான் கேட்டான். மறுநாள் என் முறையையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தேன்.

மறுநாள் காலை கொர்னேலியஸும் ராஜப்பாவும் இறங்கினார்கள். நானும் படகோட்டியும் மேலே இருந்தோம். கடல் ஆடாமல் இருந்தது. அவர்கள் விடும் மூச்சு இரண்டு கோடாகக் குமிழி விட்டு மேலே வந்துகொண்டிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு கட்டுமரம் நின்றது. அதன் பக்கத்தில் தண்ணீர் வெள்ளையாக எழும்பி விழுந்தது, அதே நேரம் எங்கள் படகின் பலகை என் காலடியில் ஒரு தட்டுத் தட்டியது. “வெடித்தோட்டா போட்டு மீன் புடிக்கிறாங்க, திருட்டுப் பசங்க” என்று படகோட்டி சொன்னான். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. மேலே எங்களுக்கு ஒரு தட்டுதான். தண்ணீருக்குள் அது இடிபோல் கேட்கும் என்று கொர்னேலியஸ் பிறகு சொன்னார்.

அதன் பிறகு நான் குமிழியைப் பார்த்தபோது ஒரு கோடு வந்துகொண்டிருந்தது, மற்றொன்று நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதை நான் விளக்க வேண்டும். கீழே வேலை செய்கிறவர்களுக்கு வரும் பெரிய ஆபத்து, பாறை தானாக வெடிப்பது. ஏர்பிளாஸ்ட் என்போம். தட்டுச் சத்தம் கேட்டதும் தூளும் புகையும் வரும், அதற்குள் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, நல்ல காற்று இருக்கும் பக்கம் ஓட வேண்டும். வழியில் மூச்சு விட்டவன் செத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேஸ்திரி முதுகில் அடித்துச் சொல்லிக் கொடுப்பது இது. ராஜப்பா இப்படி மூன்று தடவை ஓடி உயிரோடு வந்தவன், அவனைப் பார்த்து ஓடியவர்களும் பிழைத்தார்கள். கொர்னேலியஸ் ஒரு காலையில் இரண்டு முறை சொன்னதை அவன் கேட்டிருந்தான். ஆனால் சத்தம் கேட்டபோது அவன் உடம்பு மேஸ்திரி சொன்னதைக் கேட்டது.

அவன் படகுக்கு அருகில் இடுப்பளவு வெளியே எழும்பும்படி வேகமாக வந்தான். நானும் படகோட்டியும் பிடித்து உள்ளே இழுத்தோம். கண்ணாடியைக் கழற்றி எறிந்தான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “ஏர்பிளாஸ்ட்டுடா. கீழ ஆளு கீறான், கொர்னேலி கீறான், கயிற வுடு” என்றான். அவ்வளவுதான் பேசினான். அதன் பிறகு இருமினான், வாயிலும் மூக்கிலும் சிவப்பு நுரை வந்தது. என் கடையில் கேட்ட இருமல்தான் அது. கொர்னேலியஸ் மெதுவாக, முறைப்படி மேலே வந்து சேர்ந்தபோது ராஜப்பாவுக்கு மூச்சு இல்லை. கொர்னேலியஸ் அவன் மார்பை அழுத்தினார், பிறகு கையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“கல்லு மாதிரி கீது. தூசு இல்லன்னு சொன்னீங்களே.”



கரைக்கு வந்ததும் ஓட்டல் மானேஜர் என்னைத் தனியறைக்கு அழைத்தார். பிரேதத்தை அறுத்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் இரண்டு மூன்று நாள் ஆகும், வெயில் காலம், அதன் பிறகு உங்கள் ஊர் வரை தாங்காது என்றார். கடலுக்கடியில் இறங்கிச் செத்தான் என்றால் கேள்வி நிறைய வரும், குளிக்கும்போது மூழ்கினான் என்றால் கேள்வி இல்லை, சந்தேகம் இல்லை, அறுக்காமலே கொடுத்துவிடுவார்கள் என்றார். எனக்கு அப்போது ஒரே நினைப்புதான் இருந்தது. அவனைத் தாயம்மாவிடம் முகம் தெரியும்படி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாயம்மா அவன் மனைவி. மானேஜர் பேரம் பேசினார், நானும் பேரம் பேசினேன். போலீஸ்காரர்கள் வந்து எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். படகோட்டியும் போட்டான். கொர்னேலியஸைக் கூப்பிடவில்லை.

அன்றே வேனில் புறப்பட்டோம். வேலூர் தாண்டி, வி.கோட்டா வழியாக வந்தோம். பேத்தமங்களாவில் டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினான். ராஜப்பா சிறு வயதில் நீச்சல் கற்றது அந்த ஏரியில்தான். வேனின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், “இன்னா லோடுங்க, மீனா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிரேதத்தை வழக்கத்துக்கு விரோதமாக எரித்தது ஏன், சாட்சியத்தை அழிக்கவா என்று கோர்ட்டார் கேட்டார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் புதைப்பதுதான் வழக்கம். பஜாரில் பெரிய மனிதர்களுக்குச் செய்கிறபடி ராஜப்பாவுக்கும் சந்தனக்கட்டை வைத்து எரிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். செலவு என்னுடையது என்பதால் லைன் பெரியவர்கள் சரி என்றார்கள். தாயம்மா மட்டும், “மண்ணுல வையுங்கணா, மண்ணுதானே அவுரு வேலை” என்றாள். நான் கேட்கவில்லை. அழிக்க வேண்டும் என்று எரிக்கவில்லை, மரியாதை என்று எரித்தேன். புதைத்திருந்தால் தோண்டி எடுத்துத் தூசைப் பார்த்திருக்கலாம் என்று நஷ்டஈட்டு ஆபீசில் சொன்னபோதுதான் நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது.

அந்த ஆபீசுக்குத் தாயம்மாவோடு நான்தான் போனேன். எக்ஸ்ரே படம் உண்டா என்று கேட்டார்கள், இல்லை. அறுத்துப் பார்த்த டாக்டர் காகிதம் உண்டா, இல்லை. உடம்பு உண்டா, இல்லை. லீவில் போய்க் கடலில் குளித்துச் செத்தவருக்கு என்னம்மா கேட்கிறாய் என்று, கோபம் இல்லாமல்தான் கேட்டார்கள். சுரங்கக் கம்பெனியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கெடு கொடுத்தார்கள். நான் ஓட்டலுக்குப் போய்க் கொர்னேலியஸ் எங்கே என்று கேட்டேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனிக்குப் போய்விட்டார் என்றார்கள். விலாசம் இல்லை. மானேஜர் மாறிவிட்டார். படகோட்டி என்னைத் தெரியாது என்றான்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி போனது. எட்டாயிரம் அடி இறங்கினவன் முழங்கால் தண்ணியில் போயிட்டான், ஓசிக் குடி அதிகம் ஆயிருக்கும் என்று சாராயக் கடையில் சிரித்தார்கள். அதன் பிறகு ஒருநாள் தாயம்மா என் கடைக்கு வந்தாள். படகில் அவன் எப்படிச் செத்தான் என்பதை அவளிடம் மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். உட்காரச் சொன்னேன். பின்கட்டுக் கயிற்றுச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இங்கதானே உக்காந்து இருமுவாரு?”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“வூட்ல இருமினா நான் கேப்பேன்னு உங்க கடையில இருமிட்டு வருவாரு. சட்டையெல்லாம் கயிறு நாறும். எனக்குத் தெரியாதாணா?”

அதன் பிறகு அவள், “நடந்தது இன்னான்னு கோர்ட்டுல சொல்றீங்களாணா? நான் மனு குடுக்கறேன்” என்றாள்.

“சொல்லலாம்மா. ஆனா ஒன்னும் நடக்காது. நஷ்டஈடும் வராது, வூடும் நிக்காது. என்னத்தான் உள்ள போடுவாங்க.”

“நடக்காதுன்னு எனக்கும் தெரியும். குளிக்கப் போயி செத்தான்னு மட்டும் இருக்கக்கூடாது. கீழ ஆளு கீறான்னு சொல்லிட்டுத்தானே செத்தாரு? அத எழுதச் சொல்லுங்கணா.”

என் மாடியில் ஓர் அறை தருகிறேன் என்றேன், கடையில் வேலை தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கெடுவுக்கு முன்பாகவே வீட்டைக் காலி செய்துவிட்டு, தன் அண்ணன் வீட்டுக்குக் குடியாத்தம் பக்கம் போய்விட்டாள். மனுவை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த மனுவின் பேரில்தான் நான் இங்கே நிற்கிறேன். இன்று அவள் கோர்ட்டுக்கு வரவில்லை.

மேலே கண்டதையெல்லாம் குமாஸ்தா நிதானமாகப் படித்துக் காட்டினார். என் வாயிலிருந்து வந்ததும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றே. இதில் பொய் இல்லை, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. கையெழுத்துக்கு முன்னால் கோர்ட்டார், ஓட்டல்காரர்களிடம் பணம் வாங்கினாயா என்று கேட்டதால் அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். ரொக்கம் வாங்கவில்லை. மானேஜர் முதலில் ஐஸ் இரண்டு பாளம் என்றார், நான் பேசி நான்காக்கினேன், நல்ல பேரம் என்றுதான் நினைத்தேன். பேசி முடித்தது இவ்வளவு: வேன் ஒன்று பெட்ரோலோடு, ஐஸ் நான்கு பாளம், வழியில் டிரைவர் சாப்பாடு அவர்கள் செலவு. அதற்கு ஈடாக நான் கொடுத்தது, ‘குளிக்கும்போது’ என்ற வார்த்தைக்குக் கீழே என் கையெழுத்து.

(ஒப்பம்) துளசிராமன்